இரண்டாவது முறை கூப்பிட்டபோதும் பதில் இல்லை

அன்றைக்குக் கேப்டன் உண்மையிலேயே தூங்கினாரா?

விசாரணைக்கு வந்தவர்கள் இதைக் கேட்டார்கள். என் கணவர் கேட்டார். கூட வேலை பார்த்தவர்கள் நேரடியாகவும் சுற்றி வளைத்தும் கேட்டார்கள். மகளுக்குச் சோறு ஊட்டும்போதும் மாடியில் துணி காயப்போடும்போதும் நானே என்னைக் கேட்டுக்கொள்கிறேன். விமானத்தில் அவர் இடது இருக்கையில் இருந்தார், நான் வலது இருக்கையில் இருந்தேன். எட்டினால் தொடலாம், அவ்வளவு பக்கம். இருந்தும் எனக்குத் தெரியாது.

நம் பைலட்டுகள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, பணி அனுபவம் எழுதித் தாருங்கள் என்று நீங்கள் கேட்டபோது, ஓய்வு பெற்றவர்கள் எழுதட்டும் என்றுதான் முதலில் சொன்னேன். எனக்கு ஓய்வு பெறும் வயதில்லை. மகள் ரூத்துக்கு இன்னும் மழலை மாறவில்லை. ஆனாலும் சீருடையை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டுக் கோவில்பட்டியில் உட்கார்ந்திருக்கிறேன். உங்களில் பலர் இப்போதுதான் சின்ன ஊர்களுக்குச் சின்ன விமானம் விடும் கம்பெனிகளில் கோ-பைலட்டாகச் சேருகிறீர்கள். எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்காது என்று சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். இதிலிருந்து என்ன பாடம் எடுத்துக்கொள்வது என்பது எனக்கே தெளிவாகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் எங்கள் கம்பெனி இருந்த நிலைமை. கேப்டன்கள் ஒவ்வொருவராகப் பெரிய கம்பெனிகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே சம்பளம் கூடுதல், விமானம் பெரியது, மகனோ மகளோ படிக்கும் ஊரிலேயே வேலை. யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு கேப்டன் போனால் அந்த இடத்துக்கு இன்னொருவரை உருவாக்க வருடக்கணக்கில் ஆகும். கோ-பைலட்டுகள் நாங்கள் நிறையப் பேர் இருந்தோம். புதிதாகப் பயிற்சி முடித்தவர்கள் வாசலில் வரிசையில் நின்றார்கள். கேப்டன்களுக்குத் தட்டுப்பாடு என்று செய்தியில் படித்தால் நமக்கு வேலை நிறைய இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துச் சந்தோஷப்பட்டேன். இடது இருக்கையில் ஆள் இல்லாவிட்டால் வலது இருக்கையில் எத்தனை பேர் காத்திருந்தாலும் விமானம் கிளம்பாது. நம் வேலை பக்கத்து இருக்கையில் இருப்பவரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நான் சொல்லும் கேப்டன் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். பெயர் வேண்டாம். விமானத்துக்குள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், வெளியே வந்துவிட்டால் கண்ணு என்பார். ரூத் பிறந்து, விடுப்பு முடிந்து நான் திரும்பியபோது மறுபயிற்சிக்கு இடமில்லை என்று அலுவலகத்தில் இழுத்தடித்தார்கள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எதற்கு இந்த ஓட்டம், கொஞ்சநாள் வீட்டில் இருக்கலாமே என்று ஒருவர் அன்பாகவே சொன்னார். அன்று அந்த அறைக்குள் வந்து, "இந்தப் பொண்ணு பயிற்சிக்கு வர்ற வரைக்கும் நான் வேற யாருக்கும் பயிற்சி குடுக்கறதா இல்லீங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தவர் அவர். மறுநாளே எனக்குத் தேதி கிடைத்தது.

பெரிய கம்பெனியிலிருந்து அவருக்கும் அழைப்பு வந்தது. அவர் போகவில்லை. ஏன் போகவில்லை என்று நான் கேட்டதில்லை. அவரும் போய்விட்டால் தெற்கே வரும் விமானங்கள் நின்றுவிடும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். மற்றவர்கள் போகப்போக அவர்களுடைய டூட்டியும் இவர் தலையில் விழுந்தது. சட்டம் அனுமதித்த நேரத்துக்குள்தான் பறந்தார். ஆனால் அந்த விளிம்பு வரைக்கும் பறந்தார்.

அன்று ஆடி மாதத்து மாலை. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வந்துகொண்டிருந்தோம். அந்த வழித்தடம் எனக்குப் பிடிக்கும். இறங்கியதும் டூட்டி முடியும் நாட்களில் நேராக வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவேன். அன்று அப்படியில்லை, அரை மணி நேரத்தில் பயணிகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குத் திரும்ப வேண்டும். கடல் பக்கமிருந்து உப்பளங்களைத் தாண்டி மேற்கே பார்த்து இறங்கினோம். வெயில் நேராக முகத்தில் அடித்தது. இருவரும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தோம். தரையில் மேல்காற்று கரிசல் புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது.

விமானத்தைச் செலுத்தியவர் அவர். கவனித்துச் சொல்ல வேண்டியது என் வேலை. எங்கள் விமானத்தில் வேகத்தைத் தானாகப் பார்த்துக்கொள்ளும் வசதி கிடையாது. திசையையும் இறக்கத்தையும் கருவி பார்த்துக்கொண்டாலும் எஞ்சின் விசையைக் கையால்தான் கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும். அவருடைய வலது கை அந்த நெம்புகோலின்மேல்தான் இருந்தது. வேகம் மெல்லக் குறைந்தது. கை அசையவில்லை.

"ஸ்பீட்" என்றேன்.

இதற்கு உடனே பதில் வரவேண்டும். வராவிட்டால் மறுபடி கூப்பிட வேண்டும். இரண்டாவது முறையும் வராவிட்டால் அவரால் இயலவில்லை என்று முடிவுசெய்து விமானத்தை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். காரணம் ஆராயக் கூடாது. இதை நீங்களும் மனப்பாடம் செய்திருப்பீர்கள். பயிற்சி அறையில் செய்யும்போது சிரிப்பு வரும். செத்தவர் மாதிரி நடிப்பவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவார்.

"சார், ஸ்பீட்."

பதில் இல்லை. தலை நிமிர்ந்து இருந்தது. முகம் ஓடுபாதையைப் பார்த்து இருந்தது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண் திறந்திருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வந்த பயம் விமானத்தைப் பற்றியது இல்லை. இவரைப் போய் எப்படித் தொடுவது என்ற பயம். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்களுக்கும் அது வரும். வலது இருக்கையில் உட்காரும்போது நம் முன்னால் இருப்பது கருவிகள் மட்டும் இல்லை, பக்கத்தில் நமக்கு நல்லது செய்த ஒரு மனிதரும் இருக்கிறார்.

எடுத்துக்கொள்கிறேன் என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் உண்டு. ஆயிரம் முறை சொல்லிப் பழகிய வாக்கியம். அது வாயில் வரவில்லை. அவர் கையை விலக்கிவிட்டு, "விடுங்க சார், நான் பாத்துக்கிடுதேன்" என்றேன், ஏதோ வீட்டில் அடுப்பிலிருந்து கொதிக்கும் பாத்திரத்தை வாங்குவது போல.

"யூ ஹேவ் கன்ட்ரோல்" என்றார் அவர் உடனே.

விமானம் உன் கையில் என்பதற்கான முறையான பதில். தெளிவான குரல். தூக்கக் கலக்கத்தில் இருப்பவரின் குரல் அது இல்லை. அதனால்தான் எனக்கு இன்றைக்கும் குழப்பம்.

விசையைக் கூட்டி, இறங்காமல் மேலே எழுப்பி, ஒரு சுற்று சுற்றி வந்து நானே இறக்கினேன். அந்தச் சுற்று முழுவதும் அவர் எனக்குச் செய்ய வேண்டிய உதவியையெல்லாம் பிசகில்லாமல் செய்தார். பயணிகளில் பலருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. காற்று அதிகம் என்று நினைத்திருப்பார்கள்.

எல்லாரும் இறங்கிப் போனபிறகு அவர் கண்ணாடியைக் கழற்றினார். கண் சிவந்திருந்தது. வெயிலிலும் சிவக்கும்.

"வெயில் கண்ணுல அடிச்சுது. பார்த்துட்டுத்தான் இருந்தேன்னு நினைக்கறேன்" என்றார். பிறகு, "திரும்பிப் போலாமா கண்ணு? நீ சொல்லு" என்றார்.

விமானத்துக்குள் இருக்கும்போது கண்ணு என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. முடிவை என் கையில் கொடுத்துவிட்டார். வெளியே சென்னைக்குப் போகும் பயணிகள் பைகளோடு காத்திருந்தார்கள். அவரைவிட்டால் அன்றைக்குத் தூத்துக்குடியில் மட்டுமல்ல, சென்னையிலும் கேப்டன் கிடையாது. இந்தத் தடம் நட்டத்தில் ஓடுகிறது, இன்னும் இரண்டு மூன்று ரத்துக்கள் ஆனால் நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு இருந்தது. நான் வேண்டாம் என்றால் அது அவர் உடம்பைப் பற்றிய புகாராகப் பதிவாகும். அவரைப் பறக்காமல் நிறுத்துவார்கள். எனக்காக நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தவர்.

"மாட்டேன் சார்" என்றேன். அழுகை வந்தது. அழவில்லை என்று நினைக்கிறேன்.

அவர் தலையசைத்தார். போனை எடுத்து, டூட்டி போடும் அலுவலகத்தைக் கூப்பிட்டு, தான் பறக்கும் நிலையில் இல்லை என்றும் இறங்கும்போது கோ-பைலட் இரண்டு முறை கூப்பிட்டும் தான் பதில் சொல்லவில்லை என்றும் சொன்னார். என்னிடம் பேச வேண்டும் என்று அந்தப் பக்கம் கேட்டிருப்பார்கள் போல. "அவகிட்ட எதுக்குங்க? நான்தானே சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

ரத்து என்று அறிவித்ததும் நிலையத்துக்குள் இரைச்சல். நான் அந்தக் கூட்டத்தைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. வெள்ளைவேட்டி கட்டிய ஒருவர், எட்டயபுரத்துக்காரராம், கவுண்டரில் இருந்த பையனைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய மகன் மறுநாள் காலையில் சென்னையிலிருந்து வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறான்.

"டிரைவருக்கு மேலுக்குச் சரியில்லன்னா வேற டிரைவர போட வேண்டியதுதான?"

"வேற கேப்டன் இல்ல அண்ணாச்சி."

"அப்போ இந்தா போகுதே, இந்தப் பிள்ள யாரு? தோள்ல பட்ட போட்டிருக்குல்லா?"

"அவிய கோ-பைலட்டு அண்ணாச்சி. தனியா ஓட்டக் கூடாது."

"பின்ன எதுக்குக் கூட வாராவ? வழி சொல்லவா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வேறு நேரமாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அவர் என் பக்கம் திரும்பினார். இப்போது குரலில் கேலி இல்லை.

"ஏம்மா, நீ சொல்லு. அவியளுக்கு என்னதான் செய்யுது?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். தெரியாமலா ஒரு ஏரோப்ளேனை நிப்பாட்டுனீங்க என்று கேட்டார். கடைசியில் அப்பாவும் மகனும் கார் பிடித்துச் சென்னைக்குக் கிளம்பினார்கள். அந்தப் பையன் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு நடந்தது ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. பரிசோதனை முடியும்வரை கேப்டன் பறக்கக் கூடாது என்றார்கள். மிச்சமிருந்த கேப்டன்களுக்குச் சட்டம் அனுமதித்த பறக்கும் நேரம் மாதம் முடிவதற்குள்ளேயே தீர்ந்துபோனது. ரத்துமேல் ரத்து. முதலில் தூத்துக்குடியை நிறுத்தினார்கள். பிறகு வாடகைக்கு எடுத்திருந்த விமானங்களை உரிமையாளர்கள் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். ஒருநாள் காலையில் ரூத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது. கோ-பைலட்டுகள் எல்லாருக்கும் ஒரே செய்தி. நாளையிலிருந்து வேலை இல்லை. நான் சீப்பைப் பிடித்தபடியே நின்றிருக்கிறேன். அம்மா, இன்னொரு பக்கம், இன்னொரு பக்கம் என்று ரூத் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கேப்டன்கள் சீக்கிரமே வேறு வேலை பார்த்துக்கொண்டார்கள். எங்களில் யாருக்கும் கிடைக்கவில்லை. பெரிய விமானத்துக்கு வேறு பயிற்சி, வேறு அனுமதி. நாங்கள் கற்ற விமானத்தை வைத்திருக்கும் கம்பெனிகளே குறைவு, அங்கும் கேப்டன்தான் வேண்டும்.

முத்துராஜ் வந்தது அதற்கப்புறம். குளத்தூர்ப் பக்கத்துப் பையன், எனக்குப் பின்னால் சேர்ந்தவன். அவர்கள் ஊரிலிருந்து விமானம் ஓட்டப்போன முதல் ஆள். வீட்டில் எல்லாரும் அவனை நம்பி இருந்தார்கள். இப்போது விளாத்திகுளத்தில் மாமாவின் உரக்கடையில் நிற்கிறான். பைக்கில் வந்தவன் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். என் கணவர் சாமுவேல்தான் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்தார். கடையில் எல்லாரும் பைலட்டு, பைலட்டு என்று கூப்பிட்டு மூட்டை இறக்கச் சொல்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தான். நாங்களும் சிரித்தோம்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? கோவப்படக் கூடாது. அவிய நெசமாத்தான் தூங்குனாவளா?"

"தெரியல தம்பி."

"பரிசோதனையில ஒண்ணும் இல்லன்னு வந்துட்டுல்லா? வெறும் களைப்புன்னுதான சொன்னாவ. தெரியாத ஒண்ணுக்கு எதுக்குக்கா இவ்வளவும்?"

நான் விதியைச் சொன்னேன். இரண்டு முறை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் காரணம் பார்க்கக் கூடாது என்பது அவனுக்கும் தெரியும்.

"எடுத்தத நான் ஒண்ணும் சொல்லல. நானும் எடுத்திருப்பேன். இல்ல, தோள்ல ரெண்டு தட்டு தட்டியிருப்பேன். எந்திச்சிருப்பாவ. எறங்கி, ஒரு டீய குடிச்சிட்டுத் திரும்பி வந்திருப்போம். இன்னைக்கு எல்லாருக்கும் வேல இருந்திருக்கும். யாருக்குத் தெரியப் போகுது?"

"எந்திக்கலன்னா?" என்றார் சாமுவேல்.

முத்துராஜ் அவரைப் பார்த்தான். "எந்திச்சாவல்லா?" என்றான்.

அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. எழுந்துவிட்டார், உண்மைதான். ஒன்றும் ஆகவில்லை, உண்மைதான். நடக்காத ஒன்றைக் காட்டி, இதற்காகத்தான் உன் வேலை போயிற்று என்று ஒருவனிடம் எப்படிச் சொல்வது? அவன் போனபிறகு சாமுவேல் நீ செய்தது சரி என்றார். அவர் கல்லூரியில் கணக்கு நடத்துபவர், சரி தப்பு அவருக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். எனக்கு அப்படி இல்லை. ஒருநாள் சரி என்று தோன்றுகிறது. மறுநாள் உரக்கடை வழியாகப் பஸ்ஸில் போக நேர்ந்தால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறேன்.

போன வாரம் கேப்டன் கூப்பிட்டார். இவ்வளவு நாளில் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அவருக்கு என்மேல் வருத்தம் என்று நான் நினைத்திருந்தேன். எனக்கு அவர்மேல் வருத்தம் என்று அவர் நினைத்திருந்தாராம்.

பாப்பா எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். பறக்கலாம் என்று அனுமதி கிடைத்துவிட்டது, தெற்கத்தி ஊர்களுக்கு விமானம் விடப்போகும் ஒரு புதுக் கம்பெனியில் சேர்ந்திருக்கிறேன், அதே ரக விமானம்தான் என்றார். வாழ்த்துச் சொன்னேன். எனக்கும் வேலை கேட்கலாமா என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"நீ வந்துடு கண்ணு. எனக்கு ஒரு கோ-பைலட்டை நானே சொல்லலாம்னு விட்டிருக்காங்க. ஆளுக்கு ஒண்ணும் பஞ்சமில்லை, வரிசையில நிக்கறாங்க. எல்லாரும் நான் என்ன சொன்னாலும் சரிங்க சார், சரிங்க சார்ங்கறாங்க. எனக்கு என் கையை எடுத்துவிடற ஆள் வேணும்."

நான் கேட்டுவிட்டேன். இத்தனை பேர் என்னைக் கேட்டதை அவரிடம் கேட்டேன். "சார், அன்னைக்கு நீங்க தூங்குனீங்களா?"

பதில் வரவில்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை. இன்னொரு முறை கூப்பிட வேண்டுமோ என்று நினைத்தேன்.

"தெரியாது கண்ணு" என்றார். "கண்ணை மூடுன ஞாபகம் இல்லை. நீ கூப்பிட்ட ஞாபகமும் இல்லை."

அவருக்காவது தெரியும் என்று இத்தனை நாளும் நம்பியிருக்கிறேன். தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறார் என்றுகூட ஒருநாள் கோபப்பட்டிருக்கிறேன். இதை டாக்டர்களிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். எல்லாம் சொல்லியாயிற்று, தலையில் என்னென்னவோ ஒட்டித் தூங்கவைத்தும் முழிக்கவைத்தும் பார்த்தார்கள், கடைசியில் ஓய்வில்லாத களைப்பு என்று எழுதினார்கள், இனி டூட்டி கூடினால் முடியாது என்று சொல்லக் கற்றுக்கொண்டேன் என்றார். பிறகு, "நீ வர முடியலைன்னா பரவால்லை. சின்னக் குழந்தையை வெச்சிருக்கற. நம்ம பசங்கள்ல ஒருத்தர் பேரைச் சொல்லு. நீ சொல்ற பேரு எனக்குப் போதும்" என்றார்.

எங்கள் பழைய கம்பெனிப் பையன்களில், என்னைத் தவிர, இந்த ரக விமானத்துக்கான அனுமதி காலாவதியாகாமல் வைத்திருப்பவன் முத்துராஜ் ஒருவன்தான். மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். அவன் இன்னும் உரக்கடைக்குப் போவதற்கு முன்னால் உட்கார்ந்து படிக்கிறான் என்று அவன் மாமாவே சொன்னார். நன்றாக ஓட்டுவான், என்னைவிட நிதானமானவன். அந்த வேலை எனக்குத் தேவைப்படுவதைவிட அவனுக்குத் தேவை அதிகம். அவன் பெயரைச் சொன்னால் நாளைக்கே அவன் மூட்டை இறக்குவது நிற்கும். ஆனால் அந்த இருக்கையில் அவனை வைத்து நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் "எந்திச்சாவல்லா?" என்று கேட்ட முகம்தான் வருகிறது. அடுத்த தடவையும் எழுந்துவிடுவார் என்று நம்பித் தோளில் இரண்டு தட்டு தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவானோ? இல்லை, இவ்வளவு பட்டபிறகு அவன் மாறியிருப்பானோ? இதை அவனிடம் கேட்டுப் பார்க்கலாம். வேலை கிடைக்கும் என்று தெரிந்தபிறகு அவன் சொல்லும் பதிலை நான் எப்படி நம்புவது?

நானே போகலாம். போ, ரூத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார் சாமுவேல். ஆனால் வாரக்கணக்கில் சென்னையில் இருக்க வேண்டும். வீட்டில் ஒருத்தி என் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்குகிறாள். அதையும்விட, மறுபடி அவர் பேசாமல் இருந்தால் எனக்குக் குரல் வருமா? ஒருமுறை வந்தது. அதனால் என்னவெல்லாம் ஆயிற்று என்று பார்த்தபிறகும் வருமா? கையை எடுத்துவிடும் ஆள் என்று அவர் என்னை நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்த ஆள் இன்னும் நான்தானா என்று எனக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்கிறேன் என்றிருக்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் வலது இருக்கையில் உட்கார்ந்தவர்கள் இருக்கிறீர்கள், உட்காரப் போகிறவர்களும் இருக்கிறீர்கள். அன்றைக்கு நான் செய்தது சரியா என்று சொல்ல வேண்டாம். அதைப் பலர் சொல்லிவிட்டார்கள். தயவுசெய்து இதை மட்டும் எனக்கு எழுதுங்கள். உங்கள் வீட்டு ஆள் ஒருவர் அந்த விமானத்தில் பின்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொண்டு சொல்லுங்கள். நான் யார் பெயரைச் சொல்லட்டும்?